இரண்டு முறை வந்த பதினோரு மணி

மூன்றாம் பதிப்புக்கு இன்னும் நான்கு நாள்.
ஹால்வர் நார்வேயிலிருந்து எழுதுகிறான்:
நிரல் முடிந்தது, கையேடு மட்டும்தான் பாக்கி.
மட்டும்தான்.
சமையல் முடிந்தது, உப்பு மட்டும்தான் பாக்கி
என்பதுபோல.

காஸ்த்ரோவில் மழை. நூலகத்தின் பின்னறையில்
விறகடுப்பை ஒட்டிய மேசை எனக்கு.
எங்கள் மென்பொருள் பெரிதாக ஒன்றும் செய்யாது:
எந்தப் படகு எந்தத் தீவை விட்டுக் கிளம்பியது,
யார் யார் அதில், வந்து சேர்ந்ததா.
இவ்வளவுக்கு ஏழு நாடுகளில் பத்தொன்பது பேர்.
சம்பளம் யாருக்கும் இல்லை,
அபிப்பிராயம் எல்லோருக்கும் உண்டு.

நிரலில் ஒரு பொத்தான் நகர்ந்தால்
வாக்கியத்தையும் நகர்த்துவது என் வேலை.
பச்சைப் பொத்தானை அழுத்தவும் என்று
கையேடு சொல்லிக்கொண்டே இருந்தது,
பொத்தான் நீலமாகி ஒன்றரை ஆண்டு கழித்தும்.
அலாவ் தீவின் செவிலி ஓரியானா
ஒருநாள் கேட்டாள், கோபமே இல்லாமல்:
“பச்சை என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?”
அன்றுதான் சட்டம் போட்டேன்,
பக்கம் எழுதாத மாற்றம் உள்ளே வராது என்று.
இரண்டு வாரம் ஹால்வர்
வணக்கம் போடாமல் கடிதம் எழுதினான்.

இப்போது ‘தாமதமான படகுகள்’ என்ற பக்கம்.
ஒரே வாக்கியம் போதும் என்று உட்கார்ந்தேன்.
படகு குறித்த நேரத்தில் வராவிட்டால்
பெயர் சிவப்பாகும். சரி.
புறப்படும் முன்பே வந்ததாகப் பதிந்தால்
அந்தப் பதிவு செல்லாது. அதுவும் சரி.
ஏப்ரலில் மட்டும் செல்லும்.
ஏன்?

நிரலில் பக்கக்குறிப்பு இரண்டே சொல்:
‘தொடாதே. ரெமிஹியோ.’
ஹால்வர்: ஏன் என்று தெரியாத வரியை
வைத்திருக்க முடியாது.
நான்: ஏன் என்று தெரியாத வரியை
நீக்கவும் முடியாது.
இரண்டும் சரி என்பதுதான் தொல்லை.
சுடுநீர் மூன்று தடவை ஆறியது,
வாக்கியம் வரவில்லை.

ரெமிஹியோ எங்களை விட்டுப் போய் மூன்று வருடம்.
சால்மன் ஆலையில் இரவு வேலை.
தொலைபேசியில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தினான்:
“கடிகாரத்தைப் பின்னே தள்ளுவார்களே, அந்த இரவு!
பதினொன்று நாற்பதுக்குக் கிளம்பிய படகு
பதினொன்று பத்துக்கு வந்து சேர்ந்தது.
நம் மென்பொருள் நம்பவில்லை.
பெயர் சிவப்பாகவே நின்றது.
தேடப் போன படகில் நானும் இருந்தேன்.
நல்ல அலை. பாதி வழியில் மோட்டார் நின்றுவிட்டது.
தேடப்பட்டவர்கள் வீட்டில்
சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள்.”

எழுதி வைத்திருக்கலாமே என்றேன்.
இயந்திரம் மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.
“நேரத்தைக் கணக்கிடும் பகுதி
நான் எழுதியது” என்றான்.

ஹால்வருக்கு அப்படியே அனுப்பினேன்,
சூப்பையும் விடாமல்.
உலகப் பொது நேரத்தில் சேமித்திருந்தால்
இந்த வரியே தேவைப்பட்டிருக்காது என்றான்.
அது நான்காம் பதிப்புக்கு என்றேன்.
வரி நின்றது. அதன் தலைக்கு மேல்
ஐந்து வரி விளக்கம் முளைத்தது, அவன் கையால்,
ஐந்தாவதில் மோட்டாரும் இருந்தது.

பிறகு வாக்கியம் தானாக வந்தது:
‘ஏப்ரலில் கடிகாரம் பின்னே போகும் இரவில்
பதினோரு மணி இரண்டு முறை வரும்.
கிளம்பும் முன்பே படகு வந்துவிட்டதாகத்
திரை சொல்லலாம்.
பதறாதீர்கள், வந்துவிட்டது.’

வெளியிட்ட பதினெட்டாம் நிமிடம்
அலாவிலிருந்து ஒரு திருத்தம்.
எழுத்துப் பிழையாக இருக்கும் என்று திறந்தேன்.
என் வாக்கியத்தைத் தொடாமல், அதன் கீழே
ஓரியானா ஒரு வரி சேர்த்திருந்தாள்:
‘இருந்தாலும் விளக்கை எடுத்துக்கொண்டு
துறைவரை ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.’

நடைக்கையேட்டின்படி
‘இருந்தாலும்’ என்று வாக்கியம் தொடங்கக் கூடாது.
நடைக்கையேட்டை எழுதியதும் நான்தான்.
ஏற்றுக்கொள் என்ற பொத்தான்
இந்தப் பதிப்பில் என்ன நிறம் என்று பார்க்காமலே
அழுத்தினேன்.